டால்ஸ்விண்டன் எஞ்சின்

இரண்டு பித்தளை சிலிண்டர்கள். ஒவ்வொன்றுக்கும் உள்விட்டம் 4 அங்குலம், அதாவது ஒரு சாண் கூட இல்லை. உள்ளே பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 18 அங்குலம். தடித்த மரச்சட்டம் ஒன்றில் இரண்டையும் நிறுத்தி, மேலே உருளைகளும் சங்கிலிகளும் கோத்திருக்கிறார்கள். லண்டன் சயின்ஸ் மியூசியத்தின் சேகரிப்பில் இருக்கும் இந்தப் பொறி 1788இல் ஸ்காட்லாந்தில் ஒரு படகை ஓட்டியது. படகு ஓட்டிய நீராவி எஞ்சின்களில் இன்று உலகில் மிஞ்சியிருப்பவற்றுள் இதுவே மூத்தது.

முதலில் ஓடியது இதுதான் என்று சொல்ல முடியாது. பிரான்சில் லியோன் நகருக்கருகே சோன் ஆற்றில் ஜூஃப்ராய் பிரபு 1783இலேயே நீராவிப் படகு விட்டுக் காட்டினார். அமெரிக்காவில் ஜான் ஃபிட்ச் 1787இல் டெலவேர் ஆற்றில் ஓட்டினார்; 1790இல் பயணிகளை ஏற்றிக் கால அட்டவணைப்படியும் நடத்தினார். அவர்கள் செய்த எஞ்சின்கள் நம் கைக்கு வந்து சேரவில்லை. இது வந்து சேர்ந்தது. எப்படி வந்தது என்பதுதான் இதன் கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதற்கு முன், இது ஏன் பிறந்தது என்று பார்த்துவிட வேண்டும்.

எடின்பரோவில் வங்கித் தொழிலில் பொருள் சேர்த்தவர் பேட்ரிக் மில்லர். பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் இயக்குநர்களில் ஒருவர். பீரங்கி வார்ப்பதில் பேர்போன கேரன் இரும்பாலையில் பங்குதாரர். டம்ஃப்ரீஸ் பக்கம் நித் ஆற்றோரத்தில் டால்ஸ்விண்டன் என்ற பெரும்பண்ணையை வாங்கினார். அவருக்குக் கப்பல் பித்து. இரண்டு மூன்று உடல்களை இணைத்த படகுகளைக் கட்டி, உடல்களுக்கு நடுவே துடுப்புச்சக்கரங்களைப் பொருத்தி, ஆட்களை விட்டுச் சுற்றவைத்தார். காற்று நின்றுபோனால் பாய்மரக் கப்பல் கடலில் கட்டையாகக் கிடக்கும். அப்போது சக்கரம் காப்பாற்றும் என்பது அவர் எண்ணம். இந்த வகைக் கப்பல் ஒன்றை ஸ்வீடன் மன்னர் மூன்றாம் குஸ்தாவுக்கு அனுப்பினார். மன்னர் பதிலுக்கு ஒரு பொற்பேழை அனுப்பினார். உள்ளே ஸ்வீடன் நாட்டுக் கிழங்கு வகை ஒன்றின் விதைகள் இருந்தன. மில்லர் அவற்றை விதைத்துப் பயிராக்கினார். இந்த விதைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இவருடைய மனம் எந்தப் பக்கம் சாயும் என்பதற்கு அது முன்னறிகுறி.

மில்லரின் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வீட்டோடு தங்கியிருந்தவர் ஜேம்ஸ் டெய்லர். லீத் துறைமுகத்தருகே மில்லரின் படகுக்கும் சுங்கத்துறையின் விரைவுப் படகுக்கும் ஒரு பந்தயம் நடந்தது. மில்லரின் படகு ஈடுகொடுத்தது. ஆனால் சக்கரம் சுற்றியவர்கள் துவண்டுபோனார்கள். டெய்லரும் அன்று கைப்பிடியைப் பிடித்துச் சுற்றியவர்களில் ஒருவர். மனிதத் தோள் இதற்குப் போதாது, நீராவியைப் பூட்டிப் பாருங்கள் என்று தாம்தான் மில்லரிடம் சொன்னதாகப் பின்னாளில் எழுதிவைத்தார். மில்லரோ 1787இல் அச்சிட்ட தம் கப்பல் பிரசுரத்தில், சக்கரங்களைச் சுற்ற நீராவி எஞ்சினைப் பயன்படுத்தலாம் என்று நம்புவதாகக் குறிப்பிட்டிருக்கிறார். யோசனை யாருடையது என்ற வழக்கு இங்கேயே தொடங்கிவிட்டது. அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அது ஓயவில்லை.

எஞ்சினைச் செய்யத் தெரிந்தவரைக் கொண்டுவந்தது டெய்லர்தான், அதில் சந்தேகம் இல்லை. அவர் ஊரான லெட்ஹில்ஸில் 1764இல் பிறந்தவர் வில்லியம் சிமிங்டன். ஈயச் சுரங்கங்களை நம்பி வாழ்ந்த மலையூர் அது. அந்தச் சுரங்கங்களில் நீர் இறைக்கும் எஞ்சின்களோடு வளர்ந்து, இருபத்திரண்டு வயதிலேயே நீராவி வண்டியின் சிறு மாதிரி ஒன்றைச் செய்து எடின்பரோவில் ஓட்டிக் காட்டியிருந்தார். 1787இல் தம் எஞ்சினுக்குக் காப்புரிமையும் வாங்கினார். மில்லர் அந்த மாதிரியைப் பார்த்தார். படகுக்கு ஒரு எஞ்சின் வேண்டும் என்றார். எடின்பரோவில் பித்தளை வார்க்கும் ஜார்ஜ் வாட் என்பவரின் பட்டறையில் சிலிண்டர்கள் வார்க்கப்பட்டன. புகழ்பெற்ற ஜேம்ஸ் வாட்டோடு இவரைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அந்தப் பெரிய வாட் இந்தக் கதைக்குள் வரப்போவது வேறு வேடத்தில்.

இனி எஞ்சினின் உள்ளே போகலாம். நீராவி பிஸ்டனை முட்டித் தள்ளியது என்றுதான் பெரும்பாலோர் நினைப்பார்கள். இந்த எஞ்சினில் நடந்தது வேறு. அந்தக் காலத்துக் கொதிகலன்கள் மிகக் குறைந்த அழுத்தத்தில்தான் நீராவி தந்தன; கூட்டினால் வெடிக்கும். ஆகவே நீராவியின் வேலை சிலிண்டருக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பது மட்டும். குளிர்ந்த நீர் பட்டதும் அது சுருங்கிச் சில துளிகளாகிவிடும். அது நிறைத்திருந்த இடம் வெறுமையாகும். சிலிண்டரின் மேல்வாய் திறந்திருக்கிறது. வெளியே உள்ள காற்று பிஸ்டனைக் கீழே அழுத்தி இறக்கிவிடும். வேலை செய்தது நம் தலைக்குமேல் உள்ள வளிமண்டலம். 4 அங்குல விட்டமுள்ள பிஸ்டனில் முழு வெற்றிடம் கிடைத்தாலுமே அந்த விசை 185 பவுண்டைத் தாண்டாது. ஏறத்தாழ 84 கிலோ. உண்மையில் கிடைத்தது அதைவிடக் குறைவு. ஒரு நல்ல ஆளின் எடை அளவுக்கான இந்த இழுப்பு, மாறிமாறி இரண்டு சிலிண்டர்களில்.

நியூகோமன் என்பவர் 1712இல் நிறுவிய சுரங்க எஞ்சினின் வழி இது. அதில் ஒரு பெருங்குறை இருந்தது. ஒரே சிலிண்டரை நீராவி சூடாக்கும், நீர் குளிரவைக்கும், மறுபடி சூடாக்க வேண்டும். கரியில் பெரும்பகுதி இதற்கே எரிந்தது. ஜேம்ஸ் வாட் நீராவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் ஒன்றை வைத்து இதைத் தீர்த்தார். 1769இல் வாங்கிய அந்தக் காப்புரிமையை நாடாளுமன்றம் 1800 வரை நீட்டித்துக் கொடுத்திருந்தது. வாட்டின் வழியில் யாரும் கால்வைக்க முடியாது. சிமிங்டன் நடுவே ஒரு சந்து தேடினார். குளிரவைக்கும் இடத்தைத் தனிக் கலமாக வைக்காமல் சிலிண்டரின் அடிப்பகுதியிலேயே அமைத்து, சேர்ந்த நீரையும் காற்றையும் வெளியேற்ற அங்கே இன்னொரு பிஸ்டனைப் போட்டார். மேல்பகுதி சூடாகவே இருக்கும். புத்திசாலித்தனமான ஏற்பாடு. அதே சமயம், சட்டத்துக்குப் பயந்து செய்த ஏற்பாடு என்பதும் உலோகத்திலேயே தெரிகிறது.

சங்கிலிகளும் அப்படித்தான். ஏறி இறங்கும் அசைவைச் சுழலும் அசைவாக்க எளிய வழி கிராங்க். அதை நீராவி எஞ்சினில் பயன்படுத்தும் காப்புரிமையை 1780இல் பிக்கார்ட் என்பவர் எடுத்திருந்தார்; வாட்டே அதைத் தவிர்த்துச் சுற்றுவழி தேடினார். சிமிங்டன் இரண்டு பிஸ்டன்களையும் சங்கிலியால் நடுவிலுள்ள ஓர் உருளையோடு கட்டினார். ஒன்று இறங்கும்போது மற்றதை மேலே தூக்கும். உருளை இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் எனப் புரண்டுகொண்டிருக்கும். அதிலிருந்து வேறு சங்கிலிகள் துடுப்புச்சக்கர அச்சுகளுக்குப் போயின. ஒவ்வொரு அச்சிலும் தளர்வாகச் சுழலும் கப்பிகள், அவற்றோடு பல்லும் கொக்கியும். சைக்கிளின் ஃப்ரீவீலைப் போல, ஒரு பக்கம் இழுத்தால் பிடிக்கும், எதிர்ப்பக்கம் போனால் நழுவும். ஒரு கப்பி நழுவும் வேளையில் அடுத்தது பிடிக்க, சக்கரம் எப்போதும் ஒரே திசையில் சுழன்றது. கடகடவென்று சத்தமிட்டபடி, உராய்வில் பாதி வலிமையை இழந்தபடி, ஆனாலும் சுழன்றது.

படகு 25 அடி நீளம், 7 அடி அகலம், இரட்டை உடல். ஓர் உடலின்மேல் மரச்சட்டத்தில் எஞ்சின், எதிர்ப்பக்கத்தில் கொதிகலன், நடுவிலுள்ள இடைவெளியில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு சக்கரங்கள். 1788 அக்டோபர் 14ஆம் தேதி டால்ஸ்விண்டன் வீட்டருகே உள்ள ஏரியில் இறக்கினார்கள். மணிக்கு 5 மைல் வேகத்தில் போயிற்று. ஒருவர் வேகமாக நடந்தால் கரையோடு கூடவே வரலாம். ஆனால் பாய் இல்லை, துடுப்பு வலிப்பவர் இல்லை, கரையிலிருந்து இழுக்கும் குதிரை இல்லை. வந்திருந்தவர்களில் ஓவியர் அலெக்சாண்டர் நாஸ்மித் ஒருவர். படகை அவர் வரைந்துவைத்த படம் பிறகு பலமுறை அச்சானது. நீராவிச் சம்மட்டியைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் நாஸ்மித் இவருடைய மகன். கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் அந்த ஆண்டுதான் மில்லரிடம் எல்லிஸ்லேண்ட் பண்ணையைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். அவரும் படகில் இருந்தார் என்று அந்த வட்டாரத்தில் சொல்வார்கள். கவிஞர் தம் எழுத்தில் அதைப் பற்றி எதுவும் வைத்துவிட்டுப் போகவில்லை என்பதால் அதை நான் நம்பத் தயங்குகிறேன்.

மில்லருக்கு உற்சாகம். பெரிதாகச் செய்வோம் என்றார். கேரன் இரும்பாலையில் 18 அங்குலச் சிலிண்டர்களோடு புதிய எஞ்சின் வார்த்து, 60 அடி இரட்டைப் படகில் பொருத்தி, 1789 டிசம்பரில் ஃபோர்த்-கிளைட் கால்வாயில் விட்டார்கள். முதல் ஓட்டத்தில் சக்கரப் பலகைகள் உடைந்து சிதறின. வலுவாகச் செய்து மாட்டி மறுபடி ஓட்டியபோது மணிக்குக் கிட்டத்தட்ட 7 மைல் போயிற்று. ஆனால் செலவு ஏறிக்கொண்டே போனது. எஞ்சினின் எடைக்கு அந்தப் படகு தாங்காது என்று மில்லருக்குத் தோன்றிவிட்டது. வாட்டின் நிறுவனத்தோடு சேர்ந்து செய்யலாமா என்று கேட்டுப் பார்த்தார். 1790இல் பதில் வந்தது: சிமிங்டனின் எஞ்சின் எங்கள் காப்புரிமையைத் தாண்டிச் செல்லப் பார்க்கும் முயற்சி, இயந்திர அமைப்பிலும் குறையுள்ளது. அத்தோடு மில்லர் கையை உதறினார். மன்னர் அனுப்பிய கிழங்கு, மண், உரம் என்று வேளாண்மைப் பக்கம் போய்விட்டார்.

வாட்மேல் எனக்கு மதிப்பு உண்டு. ஆனால் இந்த இடத்தில் அவர் ஒரு கதவை அடைத்தார் என்றே சொல்லத் தோன்றுகிறது. நீராவியில் கப்பல் ஓட்டலாம் என்பதில் அவருக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இருந்தவர்களையும் பத்து ஆண்டுகள் நிறுத்திவைக்க அவருடைய காப்புரிமையால் முடிந்தது.

சிறிய எஞ்சினைப் படகிலிருந்து கழற்றி, மரச்சட்டத்தோடு டால்ஸ்விண்டன் வீட்டு நூலகத்தில் கொண்டுபோய் வைத்தார் மில்லர். புத்தகங்களுக்கு நடுவே பித்தளைச் சிலிண்டர்கள். அது அங்கே நின்ற ஆண்டுகளில் வெளியுலகம் அதைத் தாண்டிப் போனது. வாட்டின் காப்புரிமை 1800இல் முடிந்தது. அதே ஆண்டில் கால்வாய் நிறுவனத்தின் தலைவர் டண்டாஸ் பிரபு சிமிங்டனை அழைத்தார். இந்த முறை சங்கிலியும் இல்லை, பற்கொக்கியும் இல்லை. 22 அங்குலச் சிலிண்டர் ஒன்று படுக்கைவாட்டில். அதன் பிஸ்டன் தண்டு நேராகக் கிராங்கைத் திருப்ப, பின்புறச் சக்கரம் சுழன்றது. படகுக்குப் பிரபுவின் மகள் பெயர்: சார்லட் டண்டாஸ். 1803 மார்ச்சில் தலா 70 டன் கொண்ட இரண்டு கப்பல்களைக் கட்டி இழுத்துக்கொண்டு, மற்ற படகுகள் அசைய முடியாத எதிர்காற்றில் சுமார் 19 மைல் தூரத்தை ஒன்பதேகால் மணி நேரத்தில் கடந்தது. சிமிங்டனுக்கு வயது 38. பதினைந்து ஆண்டுகளில் சட்டத்தின் கயிறு அவிழ்ந்ததும் அவர் கை எவ்வளவு தெளிவாகிவிட்டது என்பதை இந்த எளிய அமைப்பில் பார்க்கலாம்.

பலன் கிடைக்கவில்லை. சக்கரம் கிளப்பும் அலையில் கரை அரிக்கும் என்று கால்வாய் உரிமையாளர்கள் பயந்தார்கள். படகுகள் வேண்டும் என்று கேட்டிருந்த பிரிட்ஜ்வாட்டர் கோமகன் அதே மார்ச் மாதம் இறந்துபோனார். சார்லட் டண்டாஸ் கால்வாயின் கிளையொன்றில் ஒதுக்கி நிறுத்தப்பட்டது. 1807இல் ராபர்ட் ஃபுல்டன், பர்மிங்ஹாமிலிருந்து வாட் நிறுவனத்தின் எஞ்சினையே வரவழைத்து, நியூயார்க்கிலிருந்து ஆல்பனிக்கு 150 மைலை 32 மணி நேரத்தில் ஓட்டிக் காசு பார்த்தார். 1812இல் ஹென்றி பெல்லின் காமெட் கிளைட் ஆற்றில் பயணிகளை ஏற்றத் தொடங்கியது. மில்லர் 1815இல் மறைந்தார். எஞ்சின் நூலகத்திலேயே இருந்தது.

1820களில் பிரிட்டனில் நீராவிக் கப்பல்கள் நூற்றுக்கணக்கில் ஓடின. இப்போது எல்லாருக்கும் ஒரு கேள்வி: இதைத் தொடங்கிவைத்தது யார், அரசு யாருக்குப் பரிசு தர வேண்டும்? டெய்லர் விண்ணப்பம் எழுதினார், 1825இல் இறந்தார், அவர் மனைவிக்கு ஆண்டுக்கு 50 பவுண்டு உதவித்தொகை கிடைத்தது. சிமிங்டன் மனுமேல் மனு போட்டார். அரசரின் சொந்த நிதியிலிருந்து 100 பவுண்டு, பிறகு ஒரு 50 பவுண்டு, அவ்வளவுதான். அவர் 1831இல் லண்டனில் வறுமையில் இறந்து, ஆல்ட்கேட் தேவாலயத்தில் அடக்கமானார். மில்லரின் மூத்த மகன், தந்தைக்கே பெருமை சேர வேண்டும் என்று நின்றார். 1828இல் எஞ்சினைப் பெட்டியில் கட்டி லண்டனுக்கு அனுப்பினார். அது போய்ச் சேர்ந்தது ஸ்ட்ராண்ட் தெருவிலுள்ள கூட்ஸ் வங்கிக்கு. அங்கே ஒன்பது ஆண்டுகள் கிடந்தது.

மூவரும் தங்களைப் பற்றிச் சொன்னதில் ஓரளவு உண்மை இருக்கிறது. மில்லர் இல்லாமல் பணமும் படகும் சக்கரமும் இல்லை. டெய்லர் இல்லாமல் சிமிங்டன் அந்த ஏரிக்கரைக்கு வந்திருக்க மாட்டார். ஆனாலும் நான் சிமிங்டன் பக்கம்தான். யோசனை பலருக்கு வந்தது. 84 கிலோவுக்குள் அடங்கும் ஓர் இழுப்பை ஒரு படகைத் தள்ளும் சுழற்சியாக்கிக் காட்டியது அவர் கை. அதைவிட முக்கியம், மற்ற இருவரும் விலகிய பிறகும் அவர் விடவில்லை, இரண்டாவது முறை முன்னிலும் நன்றாகச் செய்தார்.

1837இல் பெட்டி வங்கியிலிருந்து லண்டனிலேயே வேறொரு கிடங்குக்கு மாறியது. அடுத்த ஆண்டு ஏப்ரலில் சிரியஸ், கிரேட் வெஸ்டர்ன் என்ற இரு கப்பல்களும் நீராவி வலிமையால் அட்லாண்டிக்கைத் தாண்டி ஒரு நாள் இடைவெளியில் நியூயார்க் சேர்ந்தன. 1843இல் பிரிஸ்டலில் கிரேட் பிரிட்டன் நீரில் இறங்கியது: 322 அடி இரும்பு உடல், சக்கரத்துக்குப் பதில் நீருக்கடியில் சுழலும் புரொப்பெல்லர். இவ்வளவும் நடக்கையில் பெட்டியை யாரும் திறக்கவில்லை. 1846இல் எடின்பரோவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. அங்கே கைமாறி, கடைசியில் ஒரு பிளம்பரிடம் பழைய உலோகமாக விலைக்குப் போயிற்று. அவர் மரச்சட்டத்திலிருந்து எஞ்சினைப் பிரித்தெடுத்து, உருக்குவதற்காக ஓரமாகப் போட்டார். உருக்கும் முன் அவர் இறந்துவிட்டார். இந்தப் பித்தளை இன்று இருப்பதற்கு அதுதான் காரணம்.

இதைத் தேடி வந்தவர் பென்னெட் உட்கிராஃப்ட். நெசவு இயந்திரங்களிலும் கப்பல் புரொப்பெல்லரிலும் சொந்தக் கண்டுபிடிப்புகள் உள்ளவர். 1832இல் புரொப்பெல்லருக்குக் காப்புரிமை வாங்கியவர். நீராவிக் கப்பலின் தோற்றம் பற்றி 1848இல் நூல் வெளியிட்டபோது சிமிங்டனின் பங்கை அழுத்திச் சொன்னார். 1852இல் பிரிட்டனின் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டு, பழைய காப்புரிமை ஆவணங்களைத் தொகுத்து அச்சிடும் பொறுப்பு அவரிடம் வந்தது. காகிதத்தில் இருப்பதைப் பொருளாகவும் சேர்த்துவைக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. 1853இல் எடின்பரோவில் எஞ்சினின் பாகங்களைக் கண்டுபிடித்து வாங்கினார். எந்தக் காப்புரிமைச் சட்டம் இந்த எஞ்சினின் வடிவத்தை நெருக்கிக் கோணலாக்கியதோ, அந்தத் துறையின் அதிகாரி ஒருவர் இதைக் காப்பாற்றினார் என்பது எனக்கு நிறைவளிக்கும் செய்தி.

பாகங்கள் கிரீனிச்சில் ஜான் பென்னின் ஆலைக்குப் போயின. கடற்படைக்கு எஞ்சின் செய்தவர்களில் அன்று முன்னணியில் இருந்த ஆலை அது. புரொப்பெல்லர் தண்டு கப்பலின் பின்புறத்தைத் துளைத்து வெளிவரும் இடத்தில் பித்தளைத் தாங்கிகள் சீக்கிரம் தேய்ந்துபோகும் தொல்லை கப்பல்காரர்களை அப்போது வாட்டிக்கொண்டிருந்தது. லிக்னம் விட்டே என்ற கடும் மரத்தைத் தண்ணீரே எண்ணெயாக உயவிட அங்கே வைக்கலாம் என்று பென் 1854இல் கண்டு காப்புரிமை பெற்றார். அந்த வேலை நடந்த அதே பட்டறையில், அதே காலத்தில், 4 அங்குலச் சிலிண்டர்களைத் துடைத்து, சட்டத்தில் ஏற்றி, சங்கிலி கோத்து, மறுபடி ஓடும் நிலைக்குக் கொண்டுவந்தார்கள். 1857இல் தென் கென்சிங்டனில் காப்புரிமை அருங்காட்சியகம் திறந்தபோது எஞ்சின் அதில் இடம்பெற்றது. அந்தச் சேகரிப்பே பின்னாளில் சயின்ஸ் மியூசியத்துக்கு வந்தது.

சிமிங்டனின் பெரிய சாதனையான சார்லட் டண்டாஸ் கால்வாய் ஓரத்தில் மக்கிக் கிடந்து, 1861இல் உடைக்கப்பட்டது. அடுத்த ஆண்டே காமெட்டின் எஞ்சின் தென் கென்சிங்டனுக்கு வந்து சேர்ந்தது. 1788இன் எஞ்சினும் 1812இன் எஞ்சினும் ஒரே சேகரிப்பில் உள்ளன. இரண்டுக்கும் நடுவில் வந்து, கப்பலுக்குக் கிராங்கை நேராகப் பூட்டிக் காட்டிய 1803இன் எஞ்சினை வரைபடங்களில்தான் பார்க்க வேண்டும்.